கல்மண்டபத்து மாடியில் ஒரு மனுக்கடை: மீண்டும் படையில் சேரக் கேட்டுப் போனவனின் மதிப்பீடு

இராயபுரம் கல்மண்டபம் அருகே ஒரு பாத்திரக் கடையின் மாடியில், படையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதித் தருகிறார். பெயர்ப் பலகை கிடையாது. கீழே உள்ள ஜெராக்ஸ் கடையில் கேட்டால் மேலே கை காட்டுவார்கள். படையின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் ஆறு ஆண்டுகள் பணியாற்றி, 2021-ஆம் ஆண்டு வலிப்பு நோயின் பேரில் போர்டு அவுட் ஆகி, அதாவது மருத்துவக் குழுவால் தகுதியற்றவன் என்று அனுப்பப்பட்டு வந்த நான், மீண்டும் படையில் சேர வழி உண்டா என்ற ஒரே கேள்வியோடு அங்கே சென்றேன். மூன்று முறை போய் வந்த பிறகு இதை எழுதுகிறேன்.

இதற்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தில் 8,000 ரூபாய் கட்டியிருந்தேன். மெடிக்கலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, மூன்று மாதம் விடியற்காலையில் காசிமேட்டுப் பக்கம் ஓட வைத்தார்கள். என் டிஸ்சார்ஜ் புக்கை அங்கே ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. சுபேதார் முதலில் கேட்டதே அந்தப் புக்கைத்தான். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “எந்த போர்டு உன்னை அனுப்புச்சு, தம்பி?” என்றார். என்னிடம் பதில் இல்லை. எல்லா போர்டும் ஒன்றுதான் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

அவர் விளக்கிய விதத்தை நான் மதிக்கிறேன். படைவீரரின் உடல்நிலை ஷேப் என்ற ஐந்து எழுத்துகளில், மனநலம், செவி, கைகால், உடல்திறன், பார்வை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் இட்டு மதிப்பிடப்படுகிறது என்பது படையில் இருந்த எவருக்கும் தெரியும். ஆனால் குறைந்த மருத்துவ கேட்டகரியில் வைக்கப்பட்ட ஒருவரை, பணியிலிருந்து விடுபடுவோருக்கான ரிலீஸ் மெடிக்கல் போர்டு மட்டும் நடத்தி, பணிக்குத் தகுதியற்றவர் என்று முடிவு செய்யும் இன்வேலிடிங் மெடிக்கல் போர்டின் பரிந்துரை இல்லாமல் வெளியேற்றியது செல்லாது என்று, நாயிப் சுபேதார் ராஜ்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு தீர்ப்பளித்திருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். வெளியேற்றமே விதிப்படி நடக்கவில்லை என்று வாதிட்டுப் பணிக்குத் திரும்பக் கேட்பதற்கு அதுவே உறுதியான வழி என்றார். பிறகு என் தாள்களில் விரல் வைத்து, எனக்கு நடந்தது இன்வேலிடிங் போர்டுதான் என்றும், அந்த வழி எனக்கு இல்லை என்றும் தயக்கமின்றிச் சொன்னார். மற்ற வாசல்களையும் அதே வேகத்தில் மூடினார். அக்னிவீர் தேர்வுக்கு என் வயது கடந்துவிட்டது. பகுதிநேரப் படையான பிராந்திய இராணுவத்தில் 42 வயது வரை இடம் உண்டு என்றாலும், அங்கும் மருத்துவத் தேர்வு உண்டு. வலிப்பு வந்த வரலாறு அதில் தேறாது. முன்னாள் வீரர்களையே எடுக்கும் பாதுகாப்புக் காவல் படையான டி.எஸ்.சி.யோ ஷேப் ஒன்று, அதாவது முழு உடல்தகுதி கேட்கிறது. நான்கு ஆண்டுகளாக எனக்கு வலிப்பு வரவில்லை, மாத்திரையும் நிறுத்தியாயிற்று என்றேன். அதை மறுக்காமல் கேட்டுக்கொண்டார். ஆனால் நோயை மறைத்து மனு எழுதித் தர மாட்டேன் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

அவர் எழுதித் தர முன்வந்தது வேறொரு மனு: உடல்குறை ஓய்வூதியம் கேட்டு மேல்முறையீடு. என் போர்டு தாளில், நோய் பணியால் வந்ததுமன்று, பணியால் மிகுந்ததுமன்று என்று எழுதியிருந்ததால், பத்து ஆண்டு நிறையாத எனக்குக் கிராஜுவிட்டி தவிர மாதாமாதம் எதுவும் வரவில்லை. தரம்வீர் சிங் வழக்கின் தீர்ப்பு நகலை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தத் தரம்வீர் சிங்கும் என்னைப்போல் சிக்னல்ஸ் சிப்பாய், அவருக்கும் வலிப்பு நோய். படையில் சேரும்போது பதிவாகாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசினுடையது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் பெஞ்சில் உட்கார்ந்தே படித்தேன். அந்த வழக்கில் கிடைத்தது ஊனமுற்றோர் ஓய்வூதியம். மீண்டும் பணி அன்று.

அப்படியானால் இரண்டு மனுவும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் மறுத்தார். உடல் தேறிவிட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளிலும், உடல்குறைக்கு ஓய்வூதியம் தாருங்கள் என்று இன்னொரு தாளிலும் ஒரே ஆள் கையெழுத்திட்டால், இரண்டும் படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசில் ஒரே பைலில்தான் டேக் போடப்படும் என்றார். நோயால் வெளியேற்றப்பட்டவர்களுக்கான இன்வேலிட் பென்ஷனைப் பத்து ஆண்டுக்குக் குறைந்த பணிக்கும் தரும் 2020-ஆம் ஆண்டு ஆணை பற்றிக் கேட்டேன். 2019 ஜனவரி 4-க்குப் பின் போர்டு அவுட் ஆனதால் தேதிப்படி நான் அதில் வருவேன். ஆனால் வெளியில் வேறு வேலை செய்யவும் இயலாதவர் என்ற நிபந்தனை அதில் இருப்பதைக் காட்டி, “ஓட்டத்துல உன் டைமிங் என்னன்னு சொல்லிட்டு, அடுத்த மூச்சுல இதை எழுதச் சொல்றியா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாடிக்கையாளர் கேட்டதையெல்லாம் எழுதித் தந்து பக்கத்துக்குக் காசு வாங்குவதுதான் இத்தொழிலின் வழக்கம் என்று எண்ணியிருந்த எனக்கு, அந்த மறுப்பு அன்று கோபத்தையே தந்தது.

கட்டணம் நியாயமானது. முதல் முறை ஆலோசனைக்கு எதுவும் வாங்கவில்லை. போர்டு தாளின் முழு நகல் என்னிடம் இல்லாததால், ஜபல்பூரில் உள்ள சிக்னல்ஸ் ரெக்கார்டு ஆபீசுக்கு நகல் கேட்டு ஒரு கடிதமும், பிறகு ஓய்வூதிய மேல்முறையீடும் எழுதியதற்கு மொத்தம் 620 ரூபாய் ஆயிற்று. மேல்முறையீடு தள்ளுபடியானால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை மனுவின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். அது தம் வேலை அன்று, வழக்கறிஞரைப் பார் என்றும் சொன்னார்.

குறைகளும் உண்டு. மனு முழுவதும் ஆங்கிலத்தில். வாயால் தமிழில் சொல்கிறாரே தவிர, அம்மாவிடம் படித்துக் காட்ட ஒரு தமிழ் நகல் கேட்டால் நேரமில்லை என்கிறார். டோக்கன் முறை இல்லாததால், மாலை ஐந்து மணிக்குப் போன நான் ஒரு நாள் எட்டு மணிக்கு வெறுங்கையோடு திரும்பினேன். மற்றவர்களின் மருத்துவத் தாள்கள் மேசைமேல் விரிந்தே கிடக்கின்றன. என்னுடையதையும் யாரேனும் அப்படிப் படித்திருப்பார்கள். எல்லாவற்றையும்விட அந்த மாடிப்படி. கைப்பிடி இல்லாத, செங்குத்தான பதினெட்டுப் படிகள். இரண்டாம் முறை நான் போனபோது, செயற்கைக் கால் பொருத்திய பெரியவர் ஒருவர் கீழேயே நாற்காலியில் அமர்ந்து, தம் பைலைப் பேரன் கையில் மேலே கொடுத்தனுப்பினார்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். போகிறவர்கள் காலை பத்து மணிக்கே போவது நல்லது. டிஸ்சார்ஜ் புக்கோடு போர்டு தாளின் எல்லாப் பக்கங்களையும், குறிப்பாக நோயின் காரணம் பற்றி மருத்துவர்கள் எழுதிய பக்கத்தையும் கொண்டு செல்லுங்கள். எனது மேல்முறையீட்டை அவர் தட்டச்சு செய்து வைத்துவிட்டார். நான் இன்னும் அதில் கையெழுத்திடவில்லை.