தாப்பரா, மானெக்‌ஷாவா?

சரிப்படாத போருக்கு அரசு போகச் சொன்னால் தளபதி யாரைப் போல நடக்க வேண்டும் என்பதே கேள்வி. 1962 செப்டம்பரில் வடகிழக்கு எல்லையிலுள்ள தக்லா முகட்டிலிருந்து சீனப் படையை விரட்டச் சொன்னது டெல்லி. ஆபத்து தெரிந்திருந்தும் தரைப்படைத் தளபதி தாப்பர் எழுத்தில் உத்தரவு கேட்டார், அவ்வளவுதான். காகிதம் வந்தது, படையும் போனது. நவம்பரில் படுதோல்வி, தாப்பர் பதவி விலகினார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் மீது பாய்ந்த மக்கள் கோபம் தலையாட்டிய தளபதிகளையும் விடவில்லை.

1971 ஏப்ரலில் இந்திரா காந்தி கிழக்குப் பாகிஸ்தானுக்குள் (இன்றைய வங்கதேசம்) படையை அனுப்பச் சொன்னபோது, அன்றைய தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா முடியாது என்றார். மழைக்காலம் வருகிறது, படை தயாராக இல்லை, அவகாசம் வேண்டும் என்றார். (இதைப் பிற்பாடு அவரே சுவையாகச் சொல்வார்; கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம்.) டிசம்பரில் 13 நாள் போர், பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் சரண்.

இருவரும் அரசுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். என் ஓட்டு மானெக்‌ஷாவுக்கு. வாய்த்துடுக்கால் 1962 வாக்கில் விசாரணையைச் சந்தித்தவரும் அவரே.