டியூபாவா, சூசாஃபோனா? அரங்குக்கு ஒன்று, வீதிக்கு ஒன்று

டியூபாவும் சூசாஃபோனும் பேண்டில் அடிச்சுரம் கொடுக்கும் பெரிய ஊதுகருவிகள். பி-பிளாட் சுருதியில் செய்த டியூபா, சூசாஃபோன் இரண்டின் குழாயையும் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 18 அடி வரும். சுருதி ஒன்று, எட்டும் கீழ்ச்சுரமும் கிட்டத்தட்ட ஒன்று. அப்புறம் எதற்கு இரண்டு? பெல் என்கிற அந்த அகன்ற வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் வித்தியாசமே.

டியூபா மூத்தது. 1835இல் பேண்ட் தலைவர் வீப்ரெக்ட், கருவி செய்யும் மோரிட்ஸ் இருவரும் பிரஷ்யாவில் (இன்றைய ஜெர்மனி) அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். மடியில் வைத்து ஊதுவார்கள், பெல் மேலே பார்க்கும். ஒலி கூரையில் பட்டுப் பரவி இறங்குவதால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. மொத்த இசைக்கும் அடியில் விரிந்து கிடக்கும். வீதியில் கூரைக்கு எங்கே போவது? பாதி ஒலி வானத்தோடு போய்விடும்.

நடந்துகொண்டே ஊத, உடம்பைச் சுற்றித் தோளில் உட்காரும் ஹெலிகான் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அமெரிக்க மரைன் படையின் பேண்டை நடத்திய ஜான் பிலிப் சூசாவுக்கு, அதன் ஒலி நேராக முன்னால் பாய்வது பிடிக்கவில்லை. அவர் விருப்பப்படி ஜே. டபிள்யூ. பெப்பர் நிறுவனம் 1893இல் செய்த சூசாஃபோனின் பெல் வானத்தைப் பார்த்தது. 'மழைபிடிப்பான்' என்று கேலிப்பெயர் வேறு. பெல்லை முன்னால் திருப்பியது பிற்பாடுதான். ஆக, இன்று அவர் பெயரைச் சுமக்கும் கருவி அவர் வேண்டாம் என்ற திசையைத்தான் பார்க்கிறது! வீதிக்கு அதுதான் சரி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர ஊர்வலங்களில் பேண்டையே இழுத்துப்போவது இந்த முன்பாயும் அடிச்சுரம்தான்.

சுருதிச் சுத்தத்தில் டியூபா ஒரு படி மேல். வால்வு என்பது, அழுத்தினால் கூடுதல் குழாயைத் திறந்து சுரத்தை இறக்கும் அமைப்பு. முதல் வால்வையும் மூன்றாம் வால்வையும் சேர்த்து அழுத்தினால் சுரம் சற்று ஏறி நிற்கும். ஒவ்வொரு வால்வின் கூடுதல் குழாயும் தனியாக அழுத்துவதற்கு அளந்தது, சேர்க்கும்போது நீளம் போதாது. நல்ல டியூபாக்களில் இதற்கென்றே நான்காவது வால்வு உண்டு. சூசாஃபோனில் பெரும்பாலும் மூன்றுதான், மீதியை உதடு சமாளிக்க வேண்டும்.

சூசாஃபோன் என்று முடிவானால் அடுத்த கேள்வி: பித்தளையா, ஃபைபர்கிளாஸா? ஃபைபர்கிளாஸில் வால்வுப் பகுதி மட்டும் உலோகம், எடை வெகுவாகக் குறையும். பள்ளிப் பிள்ளைகளின் தோளுக்கு நல்லது. ஆனால் பலமாக ஊதும்போது பித்தளையில் வருகிற அந்த உறுமல் இதில் வராது. ஒலி கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

அரங்கில் உட்கார்ந்து ஊதுபவர் யோசிக்காமல் டியூபா எடுக்கலாம். தெருவில் நடப்பவருக்குப் பித்தளைச் சூசாஃபோன், தோள் தாங்குகிறவரை. பழையது வாங்கினால் ஊதுமுனைக்கும் குழாய்க்கும் நடுவே வரும் இரண்டு வளைந்த துண்டுகளும் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள். தலையைத் திருகாமல் ஊத உதவுவது அவைதான். தொலைவதும் முதலில் அவைதான்.