கிட்ஹப்: 5 பேர் குழுவிலும் 14 பேர் குழுவிலும்

பலர் சேர்ந்து மென்பொருள் எழுத உதவும் இணையச் சேவையான கிட்ஹப்பை நான் எட்டு ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் எங்கள் குழுவில் 5 பேர் இருந்தோம்; பிறகு அதே மென்பொருளுக்காகச் சில மாதங்களுக்குள் 14 பேர் ஆனோம். ரெப்போ, அதாவது எங்கள் நிரல் முழுவதும் இருக்கும் களஞ்சியம், மாறவில்லை, கட்டணத் திட்டமும் மாறவில்லை. ஆனாலும் 5 பேர் இருந்தபோது முழு மதிப்பெண் கொடுத்திருக்கக்கூடிய இந்தச் சேவைக்கு, 14 பேர் ஆன பிறகு அதே மதிப்பெண்ணைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குழுவில் எத்தனை பேர் என்பதுதான் இதற்குப் பணம் கட்டப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி என்று நான் கருதுவதால், இந்த மதிப்புரை முழுவதையும் அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பணிக்காக உருவாக்கிய, நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற கருவியின் மேல் கட்டப்பட்ட சேவை இது. 2008-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் இதை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இதன் உயிர்நாடி புல் ரிக்வெஸ்ட். ஒருவர் தனி பிராஞ்சில் (நிரலின் தனிக் கிளையில்) எழுதியதை மெயினில் (எல்லோருக்கும் பொதுவான கிளையில்) சேர்க்கும் முன் மற்றவர்கள் வரிக்கு வரி படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, பிறகு ஒப்புதல் தரும் இடம் அது.

5 பேர் குழுவில் இந்த ஏற்பாடு மிகச் சிறப்பாக வேலை செய்தது. காலையில் ஒருவர் புல் ரிக்வெஸ்ட் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் யாராவது பார்த்துவிடுவார்கள். யார் எந்தக் கோப்பில் கை வைத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே வரியை இருவர் மாற்றி கான்ஃப்ளிக்ட் (மோதல்) வந்தாலும், ஏழு கோணக் குறிகளுக்கும் ஏழு சமக் குறிகளுக்கும் இடையில் இருவர் எழுதியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் அந்தத் திரையை நாற்காலியைத் திருப்பி அடுத்தவரிடம் காட்டினால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். 5 பேரில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைகள் 10 மட்டுமே. அந்தப் பத்தையும் பேச்சே தாங்கியது, கிட்ஹப் அந்தப் பேச்சுக்குப் பதிவேடாக இருந்தது.

14 பேர் ஆனபோது அந்த 10 இணைகள் 91 ஆயின. ஆட்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு, இணைகள் ஒன்பது மடங்கு. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 இயங்குதளத்தின் உருவாக்கத்தை வழிநடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இலேயே எழுதிவிட்டார். புதியவர்களுக்குக் கற்றுத்தருவது பழையவர்களின் நேரம். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதற்குச் செலவாவது எல்லோருடைய நேரம். எங்களிடமும் அதுவே நடந்தது. புதிதாக 9 பேர் சேர்ந்த முதல் சில வாரங்களில் நான் எழுதிய நிரலைவிட எழுதிய விளக்கங்களே அதிகம். அவர்கள் எல்லோரும் திறமையானவர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்; குறை அவர்களிடம் இல்லை.

கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எங்களுடையது. தள்ளுபடியைக் கணக்கிடும் ஒரு ஃபங்ஷன் (நிரல் துண்டு) தொகையை ரூபாயில் வாங்கிக்கொண்டிருந்தது. தசமப் பிழைகளைத் தவிர்ப்பதற்காக ஒருவர் அதைப் பைசாவுக்கு மாற்றினார். அந்த ஃபங்ஷனை அழைக்கும் இடங்கள் அனைத்தையும் தேடி, ஒன்று விடாமல் திருத்தவும் செய்தார். அதே வாரத்தில் இன்னொருவர், வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதற்கான புதிய பக்கத்தை எழுதினார். அதிலிருந்து அதே ஃபங்ஷனை ரூபாயிலேயே அழைத்தார், ஏனெனில் அவருடைய பிராஞ்சில் அது இன்னும் ரூபாய்தான். இரண்டு புல் ரிக்வெஸ்டுகளும் ஒப்புதல் பெற்றன. நிரலைத் தானாகச் சோதிக்கும் டெஸ்டுகள் இரண்டிலும் பச்சையாக, அதாவது தேறியதாக, இருந்தன. கோப்புகள் வேறு வேறு என்பதால் கான்ஃப்ளிக்ட் எதுவும் வரவில்லை. இரண்டையும் மெர்ஜ் செய்தோம், அதாவது மெயினில் சேர்த்தோம். அன்று மாலை முதல், 500 ரூபாய்ப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவரின் கணக்கு 500 பைசாவாக, அதாவது 5 ரூபாயாகப் போடப்பட்டது. கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

இது கிட்ஹப்பின் பிழை அன்று. கிட் வரிகளை ஒப்பிடும். அந்த வரிகளின் பொருளை அது அறியாது. 5 பேராக இருந்த காலத்தில் பைசாவுக்கு மாற்றுகிறேன் என்ற சொல் தேநீர் நேரத்திலேயே எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். இந்தச் சேவை எழுதியதை இணைக்கும் செலவை ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் செய்துவிடுகிறது. ஒருவர் மனத்தில் இருப்பதை மற்றவர் அறியும் செலவை அது குறைப்பதில்லை. குழு பெரிதாகும்போது வளர்வது இரண்டாவது செலவு.

தடுக்க வழி உண்டா என்றால், உண்டு. மெர்ஜ் செய்யும் முன் பிராஞ்ச் மெயினோடு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அமைப்பு கிட்ஹப்பில் இருக்கிறது. அதை இயக்கியிருந்தால், இரண்டாவது புல் ரிக்வெஸ்டின் டெஸ்டுகள் புதிய மெயினின் மேல் மறுபடி ஓடி, சிவப்பாகி நின்றிருக்கும். அந்தச் சம்பவத்துக்கு மறுநாளே இயக்கினோம். உடனே வேறு சிக்கல் எழுந்தது. எங்கள் டெஸ்டுகள் ஒருமுறை ஓடி முடிய 20 நிமிடங்கள் ஆகும். ஒருவர் மெர்ஜ் செய்ததும் மற்ற எல்லோருடைய பிராஞ்சும் பழையதாகிவிடுவதால், ஒவ்வொருவரும் புதுப்பித்து மறுபடி 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு நொடிகூட வீணாகாமல் வரிசையாகச் சென்றாலும் 8 மணி நேரத்தில் 24 மெர்ஜ்தான் சாத்தியம். 14 பேர் ஆளுக்கு இரண்டு போட்டால் 28 ஆகிறது. 5 பேருக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் இடித்ததில்லை.

இதே நெரிசலுக்காக 2023 ஜூலையில் கிட்ஹப் மெர்ஜ் வரிசை என்ற வசதியைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தது. காத்திருக்கும் புல் ரிக்வெஸ்டுகளைத் தானே வரிசைப்படுத்தி, முன்னால் நிற்பவற்றோடு சேர்த்துத் தற்காலிக பிராஞ்சில் டெஸ்ட் ஓட்டி, தேறாததை வெளியே எடுத்துவிடும் நல்ல வசதி அது. ஆனால் ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட ரெப்போவில் அதைப் பயன்படுத்த எண்டர்பிரைஸ் கிளவுட் திட்டம் வேண்டும். நாங்கள் கணக்குப் பார்த்தபோது டீம் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 4 டாலர், எண்டர்பிரைஸில் 21 டாலர். 14 பேருக்கு 56 டாலர் எங்கே, 294 டாலர் எங்கே! நடுத்தரக் குழுக்களுக்கு இந்த இடைவெளி பெரிது. இதன் நடுவே ஒரு படி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரிவ்யூ, அதாவது பிறர் எழுதிய நிரலைப் படித்து ஒப்புதல் தருவது, பற்றியும் சொல்ல வேண்டும். பலர் பார்க்க முடியும் என்ற நிலையில் யாரும் பார்க்காமல் போவது பெரிய குழுவின் நோய். 800 வரி கொண்ட புல் ரிக்வெஸ்டுக்கு மூன்று நிமிடத்தில் ஒப்புதல் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே குழுவில் 12 வரிக்கு இரண்டு நாள் காத்திருந்ததும் உண்டு. எந்தக் கோப்புறைக்கு யார் பொறுப்பு என்று எழுதிவைக்கும் கோட் ஓனர்ஸ் கோப்பும், ரிவ்யூவைச் சுழற்சி முறையிலோ சுமையைப் பார்த்தோ தானாகப் பங்கிடும் அமைப்பும் இதற்கு நன்றாக உதவுகின்றன. கோட் ஓனர்ஸ் கோப்பில் கடைசியாகப் பொருந்தும் வரியே செல்லும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பொது விதியைக் கீழே எழுதினால் மேலே எழுதிய தனி விதிகள் எல்லாம் பயனற்றுப் போகும்.

நான் சற்றும் ஏற்காதது, கிட்ஹப் காட்டும் பங்களிப்பாளர் வரைபடத்தை ஆளின் உழைப்பை அளக்கும் கருவியாகப் பயன்படுத்துவதை. யார் எத்தனை கமிட் (பதிவுசெய்த மாற்றம்) செய்தார், எத்தனை வரி சேர்த்தார், எத்தனை வரி நீக்கினார் என்று அது காட்டும். மெர்ஜ் கமிட்டுகளைக் கணக்கில் எடுக்காது. எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் நாள் முழுவதும் மற்றவர்களின் நிரலைப் படித்துத் திருத்தங்கள் சொல்பவர். குழு பெரிதான பிறகு அவருடைய கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அவர் இல்லாத ஒரு வாரம் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். மேலாளர் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டுக் கூட்டம் நடத்தியது எனக்கு இன்றும் வருத்தம் தரும் நினைவு.

பெரிய குழுவால் முடியவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. லினக்ஸ் கெர்னலில் ஆயிரக்கணக்கானோர் பங்களிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் உண்டு, மாற்றங்கள் அவர்கள் வழியாகவே மேலே செல்கின்றன, அதுவும் பெரும்பாலும் மின்னஞ்சலில். மறுமுனையில், உலகின் கைபேசிகளில் எல்லாம் ஓடும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் சிறு குழு பராமரிக்கிறது. அவர்கள் கிட்டையே பயன்படுத்தாமல் ஃபாசில் என்ற தங்கள் சொந்தக் கருவியை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே 10 பேருக்குள் இருக்கும் குழுவுக்கு டீம் திட்டத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், 5-க்கு 5. அதற்கு மேல் சென்றால் 5-க்கு 3, அதுவும் குழுவைப் பிரிக்க ஆயத்தமாக இருந்தால். ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு அந்த நிறுவனத்துக்குள் நடக்கும் தகவல் பரிமாற்றத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் என்று 1968-இல் மெல்வின் கான்வே எழுதியதை நாங்கள் இப்போது வேண்டுமென்றே பின்பற்றுகிறோம். பில், சரக்கிருப்பு, கணக்கு என்று 5, 5, 4 பேராகப் பிரிந்து, கோப்புறைகளையும் கோட் ஓனர்ஸ் கோப்பையும் அப்படியே பிரித்தோம். குழுக்களுக்குள் 26 இணைகள், குழுவுக்குக் குழு 3 இணைகள், ஆக 29. பணத்தைத் தொடும் எந்தப் புல் ரிக்வெஸ்டிலும் அலகு ரூபாயா பைசாவா என்பதை முதல் வரியில் எழுத வேண்டும் என்ற ஒரு விதி மட்டும் மூன்று குழுக்களுக்கும் பொது. புல் ரிக்வெஸ்ட் டெம்ப்ளேட்டில் (முன்வடிவத்தில்) அந்த வரியைச் சேர்த்துவைக்கக் கிட்ஹப்பில் தனிக் கட்டணம் ஏதும் இல்லை.