வீட்டுப் பராமரிப்பு: ஏஜென்சி ஆளா, நேரடி ஆளா?

படுத்த படுக்கையாகிவிட்ட பெற்றோரைப் பார்த்துக்கொள்ள யாரை அமர்த்துவது என்று பலரும் தவிக்கிறார்கள். அம்மாவுக்காக நாங்கள் இரண்டையும் பார்த்துவிட்டோம்.

செலவு: ஏஜென்சி என்றால் கமிஷனும் சேரும். நேரடி ஆளுக்குச் சம்பளம் மட்டும்.

விடுப்பு: ஏஜென்சி மாற்று ஆள் அனுப்பும், ஆனால் புதியவருக்கு அம்மாவின் மருந்துகள் தெரியாது. நேரடி ஆள் ஊருக்குப் போனால் நாம்தான் விடுப்பு எடுக்க வேண்டும்.

பின்னணி: “எல்லாம் சரிபார்த்தாயிற்று” என்று ஏஜென்சி சொன்னால் போதாது, காகிதத்தைக் கேளுங்கள். நேரடி ஆளுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுவேலையாள் சரிபார்ப்புக்கு நாமே விண்ணப்பிக்கலாம். நர்ஸ் என்பவரிடம் நர்சிங் கவுன்சில் பதிவைக் கட்டாயம் பாருங்கள்.

பாதுகாப்பு: இதில் இருவருக்கும் ஒரே சோதனைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? குதிகாலையும் இடுப்பின் அடிப்பக்கத்தையும் நீங்களே பாருங்கள். விரலால் அழுத்தியும் வெளிறாத சிவப்பு, படுக்கைப்புண்ணின் தொடக்கம். சொல்லாமல் போய்ப் பார்ப்பதும் அவசியம். ஒருநாள் அப்படிப் போனபோது, ஏஜென்சி ஆளின் நோட்டில் மாலை 6 மணி மாத்திரைக்கு டிக் விழுந்திருந்தது. அப்போது மணி 4. அன்றிலிருந்து மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்க்கிறேன்.

ஊசி, குழாய்வழி உணவு தேவைப்பட்டால் ஏஜென்சி வழியாகப் பதிவுபெற்ற நர்ஸ்தான் சரி. குளிப்பாட்ட, ஊட்டிவிட, துணைக்கு இருக்க என்றால், தெரிந்தவர் பொறுப்பேற்றுச் சொல்லும் நேரடி ஆளே மேல். அம்மாவுக்கு இப்போது அப்படி ஒருவர்தான் இருக்கிறார். அம்மாவின் குதிகாலில் சிவப்பு இல்லை.