ப்ரோபஸ் டெட்ராட்ராக்ம்: காசு அசல், கூட வந்த சீட்டு டுபாக்கூர்

கிருஷ்ணகிரியில் பழைய நாணயம் விற்கும் ஒருவரிடம் 2,400 ரூபாய்க்கு வாங்கிய காசு இது. கூடவே ஒரு சீட்டு: “ரோமானிய வெள்ளிக் காசு, தென்பெண்ணை ஆற்றில் கிடைத்தது.” இதில் ரோம் என்பது மட்டும் பாதி உண்மை.

காசு ரோமானிய மாகாணமாக இருந்த எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் அடித்த டெட்ராட்ராக்ம், அதாவது நான்கு டிராக்மா மதிப்புள்ள காசு. முன்பக்கம் ரோமானியப் பேரரசர் ப்ரோபஸ், வலப்பக்கம் பார்த்த முகம், தலையில் வாகை மாலை. சுற்றிலும் கிரேக்க எழுத்து; மாகாணக் காசு என்பதற்கு முதல் அடையாளமே அதுதான். பின்பக்கம் கழுகு, அலகில் மாலை. பக்கத்தில் எல் போன்ற ஒரு குறியும் முக்கோணமாக டெல்டாவும். எல் என்றால் ஆட்சியாண்டு, டெல்டா என்றால் 4.

இந்த ஆண்டுக் கணக்கில்தான் பலர் சறுக்குவார்கள். ப்ரோபஸ் கி.பி. 276இல் பதவிக்கு வந்து 282இல் சிர்மியத்தில் சொந்தப் படைவீரர்கள் கையாலேயே செத்தவர். ஆறே வருட ஆட்சி. காசிலோ எட்டாம் ஆண்டு வரை உண்டு. எகிப்தில் புத்தாண்டு ஆகஸ்ட் 29. அதற்குச் சற்று முன் பதவியேற்றதால் அந்தச் சில வாரங்களே முதலாம் ஆண்டாகிவிட்டன; 282 புத்தாண்டில் எட்டாம் ஆண்டு பிறந்துவிட்டது. அந்தக் கணக்கில் நான்காம் ஆண்டு என்பது 278 ஆகஸ்ட் முதல் 279 ஆகஸ்ட் வரை.

வெள்ளி என்பது பெயரளவுக்குத்தான். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இது கிட்டத்தட்ட செம்பு. எடை 7.6 கிராம், குறுக்களவு 19 மி.மீ.; நம் பழைய தடித்த ஐந்து ரூபாயைவிடச் சிறியது, ஆனால் கனத்த துண்டு. நகைக்கடைத் தராசில் 6.5 முதல் 8.5 கிராமுக்குள் நின்றால் சரி.

விளிம்பில் சரிவும் உடைந்த முனையும் இருப்பதைப் பார்த்து “வார்ப்பு, போலி” என்று தள்ளிவிட வேண்டாம். அலெக்சாண்டிரியாவில் வெறும் வில்லையை அச்சில் வார்த்து, பிறகுதான் முத்திரை அடித்தார்கள். சந்தேகப்பட வேண்டியது முகப்பில்: பத்து மடங்கு லென்ஸில் எழுத்தோரம் சோப்பு தேய்ந்ததுபோல் மழுங்கியிருந்தாலோ, வெற்றிடத்தில் குண்டூசி முனை அளவு உருண்டைக் குழிகள் இருந்தாலோ வாங்காதீர்கள். காசை இடவலமாகத் திருப்பினால் கழுகும் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். இந்தக் காசு எல்லாவற்றிலும் தேறியது.

சீட்டு தேறவில்லை. எகிப்தின் பணம் அந்த மாகாணத்துக்குள் புழங்கவென்றே அடித்த தனிப்பணம். தமிழ்நாட்டுப் புதையல்களில் வருபவை பெரும்பாலும் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசுகள். கரூர், மதுரைப் பக்கம் பிற்காலச் சிறு செப்புக்காசுகளும் உண்டு. டெட்ராட்ராக்ம் ஆற்றில் கிடைத்தது என்பது விலை ஏற்றும் கதை. நிஜமாகவே மண்ணில் கிடைத்திருந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் போயிருக்க வேண்டும். அதைச் சீட்டில் எழுதி ஒட்டுவது தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வதுதான். சீட்டுக்குப் பதில் பில் கேளுங்கள். நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

புளி, எலுமிச்சை, பீதாம்பரி எதுவும் வேண்டாம். அமிலம் பட்டால் காலப்போக்கில் படிந்த மேல்பூச்சு போய், செம்பு சிவந்து, விலை பாதியாகும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றி, மூங்கில் குச்சியால் அழுக்கை மட்டும் நீக்கினால் போதும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. அந்தக் காசை உடனே தனியே எடுத்து சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். கடைக்காரர் தந்த மெத்தென்ற பிவிசி உறையையும் முதல் நாளே தூக்கிப் போடலாம்.

காசுக்கு ஐந்துக்கு நாலு. விற்றவருக்கு இரண்டு, அதுவும் எடையைச் சரியாகச் சொன்னதற்காக. பேரம் பேசினால் 2,000க்கு இறங்குவார்.