கோபர்னிகஸ் இலவசத் தரவுகள்: வெள்ளத்துக்கு நம்பலாம், மண் அரிப்புக்கு?

ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எங்கே வெள்ளம் நின்றது, எந்தச் சரிவிலிருந்து மண் கரைந்து போனது என்ற இரண்டு கேள்விகளுக்கும் செயற்கைக்கோள் வழியாக விடை தேடுபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்னிகஸ் திட்டத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். கட்டணம் கிடையாது, பெயரைப் பதிவு செய்துகொண்டால் தரவுகளைத் தரவிறக்கிக்கொள்ளலாம். சில மழைக்காலங்களாக இரண்டு வேலைகளுக்கும் இதைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வெள்ள வரைபடம் கண்டதைச் சொல்கிறது. மண் அரிப்பு வரைபடம் கணக்கிட்டதைச் சொல்கிறது. திரையில் இரண்டும் ஒரே தோரணையில் வந்து நிற்பதால், இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பிவிடத் தோன்றுகிறது.

முதலில் வெள்ளம். 2014 ஏப்ரலில் ஏவப்பட்ட, கோபர்னிகஸின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1ஏ முதல் இந்த வரிசையில் வந்த செயற்கைக்கோள்கள் அனைத்தும் சுமார் 5.5 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடாரைச் சுமந்து செல்பவை என்பதால், கொட்டும் மழையிலும் நள்ளிருளிலும் மேகத்தை ஊடுருவித் தரையைப் பார்க்கின்றன. அசையாமல் நிற்கும் தண்ணீர், கண்ணாடியைப் போல ரேடார் அலையை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. ஆகவே படத்தில் அது கருமையாகத் தெரிகிறது. வெள்ளத்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்து, புதிதாகக் கறுத்த இடங்களைப் பிரித்தெடுப்பதே அடிப்படை வேலை. ஒரே பார்வையில் 250 கிலோமீட்டர் அகலத்தை, 10 மீட்டர் பிக்சல்களில் தருவதால், நடுத்தர அளவுள்ள ஆற்றுப் படுகை முழுவதும் பல நேரங்களில் ஓரிரு படங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

கருமையெல்லாம் தண்ணீர் அல்ல என்பதை நான் பிழை செய்துதான் கற்றுக்கொண்டேன். என்னுடைய முதல் வரைபடத்தில் காய்ந்த மணற்பரப்பு ஒன்று முழுக்க வெள்ளமாகப் பதிவாகியிருந்தது. வழவழப்பான உலர்மணலும் ரேடாருக்குக் கருமைதான். இதற்கு நேர்மாறாக, காற்றில் அலையடிக்கும் ஏரி வெளிறித் தெரிந்து கணக்கிலிருந்து நழுவிவிடும். வீடுகள் நெருங்கிய தெருக்களில் அலை நீரிலும் சுவரிலும் பட்டுத் திரும்புவதால், வெள்ளம் கருமைக்குப் பதிலாகக் கூடுதல் வெண்மையாகவே தெரியக்கூடும்.

இந்தக் குறைகளை மறைக்காமல் சொல்வதனாலேயே, 2021இல் தொடங்கிய, கோபர்னிகஸின் உலக வெள்ளக் கண்காணிப்புச் சேவை எனக்குப் பிடித்திருக்கிறது. வரும் ஒவ்வொரு சென்டினல்-1 படத்தையும் மூன்று தனித்தனி கணினி வழிமுறைகள் ஆராய்கின்றன. அவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் அந்தப் பிக்சல் வெள்ளமாகக் குறிக்கப்படுகிறது. எந்த இடங்களில் தன்னால் எதையும் கண்டறிய இயலாது என்பதையும் தனி அடுக்காகத் தருகிறது. அந்த அடுக்கைத் திறக்காமல் வரைபடத்தை அறிக்கையில் ஒட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

காலம்தான் இதன் பெரிய பலவீனம். ஒரே செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாட்கள் ஆகின்றன. இரண்டு இருந்தால் 6 நாட்கள். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதான பிறகு, 1சி 2024 டிசம்பரில் ஏவப்படும் வரை இந்த இடைவெளி பல பகுதிகளில் உறுத்தியது. பெரிய சமவெளி ஆற்றில் வெள்ளம் வாரக்கணக்கில் நிற்கும், ஆகவே பிடிபட்டுவிடும். சிறிய மலை ஓடையில் நள்ளிரவில் ஏறி விடிவதற்குள் வடிந்துவிடும் வெள்ளத்துக்கு இங்கே சாட்சி இருக்காது.

மண் அரிப்புக்கு வருவோம். பெரும்பாலானோர் கையாளுவது, அமெரிக்க ஆய்வாளர்கள் விஷ்மையரும் ஸ்மித்தும் உருவாக்கிப் பின்னர் திருத்தப்பட்ட மண் இழப்புச் சமன்பாடு: மழையின் தாக்கம், மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும், தாவரப் போர்வை, பாதுகாப்பு நடவடிக்கை ஆகியவற்றைப் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகும் என்ற விடை வரும். இதில் கோபர்னிகஸின் ஒளிப்படச் செயற்கைக்கோளான சென்டினல்-2 நேரடியாகத் தருவது தாவரப் போர்வையை மட்டுமே, அதுவும் மேகம் விலகிய நாட்களில். மற்றவற்றை வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டும்: சிர்ப்ஸ் மழைத் தரவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கட்டங்களில், சாயில்கிரிட்ஸ் மண் தரவு 250 மீட்டரில், நில உயரம் 30 மீட்டரில். இவற்றைப் பெருக்கி 10 மீட்டர் பிக்சலில் அச்சிட்டால் வரைபடம் கூர்மையாக இருக்கும். கூர்மை படத்துக்கு மட்டும்தான்.

இன்னொன்று. அந்தச் சமன்பாட்டுக்கு அடிப்படையான களச் சோதனைகள் பெரும்பாலும் 3 முதல் 18 சதவீதம் வரையிலான சரிவுகளில் நடந்தவை. அதை மலைச்சரிவில் ஏற்றும்போது, கரைய மண்ணே இல்லாத வெறும் பாறை முகடு அரிப்பில் முதலிடம் பிடித்துவிடுகிறது. அறுவடைக்குப் பின் வைக்கோல் மூடிய வயல், பச்சை இல்லாத காரணத்தால் வெற்று நிலமாகக் கணக்கிடப்படுகிறது. உழவர் போட்ட வரப்பு 30 மீட்டர் உயரத் தரவில் தெரிவதே இல்லை. ஓடையாக வெட்டிக்கொண்டு போகும் ஆழமான அரிப்பும், கரைந்த மண் ஆற்றை எட்டும் முன்பே வழியில் படிவதும் இந்தக் கணக்கில் சேராதவை. ஆகவே டன் எண்ணிக்கையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரே படுகைக்குள் எந்தத் துணை ஓடையின் சரிவுகளை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்த மட்டுமே இந்த வரைபடத்தை எடுத்துச் செல்கிறேன், அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

வெள்ளத்துக்கு ஐந்தில் நான்கு, மண் அரிப்புக்கு இரண்டரை தருவேன். மரங்கள் அடர்ந்த கரையோரங்களில் இலைகளுக்கு அடியில் நிற்கும் நீரைப் பார்க்க வேண்டியவர்களுக்கு இது போதாது. அவர்களுக்கு, 2025 ஜூலையில் ஏவப்பட்ட இந்திய-அமெரிக்கக் கூட்டுச் செயற்கைக்கோளான நிசாரின், இலைகளை இன்னும் நன்றாக ஊடுருவும் 24 சென்டிமீட்டர் அலைநீள ரேடார் கூடுதலாகப் பயன்படக்கூடும்.