முன்பே குழி வெட்டுவதா, தோண்டும்போது கூட நிற்பதா?

இங்கிலாந்தில் ரோமானிய, இடைக்காலச் சின்னங்களுக்குப் பக்கத்தில் வீடு கட்டுபவர்கள் முட்டிக்கொள்ளும் கேள்வி இது. மண்ணுக்கடியில் பழைய எச்சம் இருக்கிறதா என்று தொல்லியலாளர்கள் கட்டுமானத்துக்கு முன்பே வெட்டிப் பார்ப்பது சோதனைக் குழி; அஸ்திவாரம் தோண்டும்போது கூடவே நின்று பார்ப்பது கண்காணிப்பு. 1990-க்குப் பிறகு இரண்டுக்குமே செலவு பெரும்பாலும் கட்டுபவர் தலையில்தான்.

செலவு: சோதனைக் குழிக்கு முதலிலேயே பெரிய தொகை. கண்காணிப்புக்கு நாள்கணக்கு, ஒன்றும் கிடைக்காவிட்டால் மலிவு. கிடைத்துவிட்டால் இயந்திரம் சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஓடும்.

தெரிவது: இங்கேதான் விஷயமே. குழியில் பல்லில்லாத அகலமான பக்கெட்டால் மண்ணைத் தோலுரிப்பதுபோல வழிப்பார்கள். பழைய பள்ளம் கறுத்த பட்டையாகத் தெரியும். கண்காணிப்பிலோ, குறுகலான அஸ்திவாரக் கால்வாயில் ஓட்டுத்துண்டு எட்டிப் பார்த்தாலும், அது எதன் மிச்சம் என்று சொல்வது கஷ்டம். மழை பெய்தால் அதுவும் போச்சு.

கொல்செஸ்டரில் பழைய ராணுவ முகாம் நிலத்தில் குடியிருப்பு வருவதற்கு முன்பே அகழ்ந்தார்கள். அங்கங்கே கிடைத்த அடித்தளங்களைப் பொருத்திப் பார்த்ததில், 2004-05 வாக்கில், சுமார் 450 மீட்டர் நீள ரோமானிய ரதப் பந்தயக் களம் புலப்பட்டது. பிரிட்டனில் இதுவரை தெரிந்தது அது ஒன்றுதான். பொருத்திப் பார்க்க அவகாசம் வேண்டுமே!

மாற்றம்: குழி முன்பே சொல்லிவிட்டால் வரைபடத்தில் வீட்டைத் தள்ளி வைக்கலாம். கான்கிரீட் லாரி வாசலில் நிற்கும்போது எதைத் தள்ளுவது?

சரி, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு குழாய்ப் பள்ளம் என்றால் கண்காணிப்பே போதும். இருபது வீட்டு மனைக்குக் குழிதான்.